கமாண்ட் கையேட்டை ரூட், யூசர் என்று இரண்டாக வெட்டாதீர்கள்

பெருங்குடியில் நான் வேலை பார்க்கும் இடத்தில் சர்வர் டீமுக்கு ஒரு லினக்ஸ் கமாண்ட் கையேடு இருந்தது, எழுதியதில் எனக்கும் பங்கு உண்டு. முதல் பாதி சாதாரணக் கணக்கிலேயே ஓடும் யூசர் கமாண்டுகள், அடுத்த பாதி எல்லா உரிமையும் உள்ள நிர்வாகக் கணக்கான ரூட் வேண்டிய கமாண்டுகள். ஒருநாள் நைட் ஷிஃப்டில், புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் எந்த டிஸ்க் எந்த ஃபோல்டரில் இணைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. அதற்கான மவுண்ட் (mount) கமாண்ட் ரூட் பாதியில் இருந்ததால் அட்மினுக்கு போன் போட்டு எழுப்பி, அவர் லாகின் ஆகும்வரை காத்திருந்தார். வெறுமனே மவுண்ட் என்று மட்டும் அடித்திருந்தால் போதும், யார் அடித்தாலும் பட்டியல் வரும். புது டிஸ்க்கை இணைக்கத்தான் பொதுவாக ரூட் வேண்டும்.

இதுதான் முதல் தவறு, பெரிய தவறும் இதுதான். ஒரே கமாண்ட், எந்த ஆப்ஷனோடு எந்த ஃபைல் மேல் ஓடுகிறது என்பதைப் பொறுத்து அதற்கு வேண்டிய உரிமை மாறும். லினக்ஸோடு வரும் கமாண்ட் விளக்கங்களான மேன் பக்கங்களின் பிரிவு எண்ணைப் பார்த்து அப்படியே பிரித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். 1 எல்லோருக்கும், 8 நிர்வாகத்துக்கு என்பது நல்ல வழக்கம்தான், லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸின் முதல் கையேடு 1971இல் வந்தபோதே பிரிவு பிரிவாகத்தான் வந்தது. ஆனால் வேறொரு மெஷின் பதில் சொல்கிறதா என்று பார்க்கும் பிங் (ping) இருப்பது 8இல், அதை யாரும் ஓட்டலாம். கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) இருப்பது 1இல், புதிய உபுண்டு லினக்ஸில் சாதாரண யூசர் அடித்தால் அனுமதி மறுக்கப்படும். சிஸ்டம் லாக்குகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் (journalctl) இன்னும் மோசம், ஓடும், ஆனால் உங்கள் லாக் மட்டும்தான் வரும், மற்றவை தெரியவில்லை என்று ஒரு குறிப்பு வருவதை அவசரத்தில் யார் படிக்கிறார்கள்? சர்வரில் பிரச்சினையே இல்லை என்று நினைத்துவிடுவார்கள். அதனால் உரிமை இல்லாமல் ஓட்டினால் திரையில் என்ன வரும் என்பதையும் கையேட்டில் எழுதுங்கள்.

அடுத்தது, ரூட் என்பதைக் காட்ட வரிக்கு முன்னால் # போடுவது. படிப்பவர் வரியை முழுசாக காப்பி செய்து ஒட்டினால் கமாண்டுகளை வாங்கி ஓட்டும் ஷெல்லான பாஷ் அதை ஓட்ட வேண்டாத வெறும் குறிப்பு (கமெண்ட்) என்று எடுத்துக்கொள்ளும். எதுவும் நடக்காது, எரரும் வராது, வேலை முடிந்துவிட்டது என்று அவர் அடுத்த வரிக்குப் போய்விடுவார். உரிமையை வார்த்தையாலேயே எழுதிவிடுங்கள்.

சரி, எல்லா வரிக்கும் முன்னால், கமாண்டை ரூட் உரிமையோடு ஓட்டும் சூடோ (sudo) போட்டுவிட்டால்? தயவுசெய்து வேண்டாம். தேவையில்லாத இடத்தில் சூடோ போட்டு உருவாக்கிய ஃபைல் ரூட் பேரில் போய்விடும், மறுநாள் அதே ஆள் தன் சொந்த ஃபோல்டரில் இருக்கும் அந்த ஃபைலிலேயே எழுத முடியாமல் நிற்பார். போட்டும் பலிக்காத இடமும் உண்டு. சூடோவோடு, கொடுத்த எழுத்தை வெளியிடும் எக்கோ (echo) கமாண்டை எழுதி > குறியால் சிஸ்டம் அமைப்புகள் இருக்கும் ஈடிசி (/etc) ஃபோல்டருக்குள் உள்ள ஃபைலுக்கு அனுப்பினால் அனுமதி இல்லை என்றுதான் வரும், ஏனென்றால் அந்த ஃபைலைத் திறப்பது உங்கள் ஷெல், அதற்கு ரூட் உரிமை கிடையாது. அங்கே எக்கோ வெளியிடுவதை | குறியால் சூடோ டீ (tee) கமாண்டுக்கு அனுப்ப வேண்டும், ஃபைலில் எழுதுவது டீ.

அப்புறம், 'ரூட் வேண்டும்' என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள், எந்தக் குரூப்பில் இருந்தால் அந்த உரிமை கிடைக்கும் என்றும் எழுதுங்கள். லினக்ஸ் வகைகளான உபுண்டு, டெபியனில் அந்தக் குரூப் பெயர் சூடோ, ரெட் ஹேட், ஃபெடோராவில் வீல் (wheel). புரோகிராம்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கருக்கான குரூப்பைச் சாதாரண யூசர் பக்கத்தில் வைக்கவே கூடாது, அதில் இருப்பவர் கன்டெய்னர் வழியாக மொத்த மெஷினையும் ரூட்டாக ஆளலாம்.

நாங்கள் இப்போது வேலையை வைத்துத்தான் தலைப்பு போடுகிறோம், 'டிஸ்க் நிலவரம் பார்க்க', 'டிஸ்க் சேர்க்க' என்று, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்திலேயே உரிமை. எழுதி முடித்ததும் எந்தக் கூடுதல் குரூப்பிலும் சேராத ஒரு புதுக் கணக்கை டெஸ்ட் சர்வரில் உருவாக்கி, ஒவ்வொரு வரியையும் அதில் ஓட்டிப் பார்க்கிறோம். உங்கள் சொந்தக் கணக்கில் ஓட்டிப் பார்த்து எழுதாதீர்கள். எப்போதோ யாரோ உங்களை நாலு குரூப்பில் சேர்த்திருப்பார்கள், ஐடி (id) என்ற கமாண்டை அடித்துப் பாருங்கள், தெரியும்.