விளக்குக் கம்பத்தில் தாள் தொங்கும்வரை காத்திருக்காதீர்கள்: இங்கிலாந்தில் கவுன்சில்கள் காணி தெரிவு செய்யும்போது நாம் விடும் பிழைகள்

எங்கள் தெரு முடிவில் இருந்த குதிரைப் புல்வெளியில் 90 வீடுகள் வரப்போகின்றன என்பதை நான் ஒரு விளக்குக் கம்பத்தில்தான் படித்தேன். பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து இறுக்கிக் கட்டிய ஒரு தாள். கட்டுவதற்கு அனுமதி கேட்டுப் பிளானிங் விண்ணப்பம் வந்திருக்கிறது, கருத்துச் சொல்ல 21 நாள் இருக்கிறது என்று அதில் இருந்தது. அன்றிரவே மூன்று பக்கக் கடிதம் எழுதினேன். பிறகுதான் விளங்கியது, அந்தக் காணியில் வீடு கட்டலாமா கூடாதா என்ற கேள்வி நான்கு வருடத்துக்கு முன்பே முடிந்துபோயிருந்தது. கவுன்சில் அப்போது துண்டுப் பிரசுரம் போட்டிருந்தது. நான்தான் திறந்து பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் கவுன்சிலும் பக்கத்துக் கவுன்சில்களும் வெளியிடுகிற உள்ளூர்த் திட்ட ஆவணங்களை விடாமல் படித்து வருகிறேன். கோயிலிலும் தமிழ்ப் பள்ளியிலும் நம்மவர்கள் வந்து கேட்பார்கள். கேள்விகள் வேறு வேறு, பிழைகள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். இங்கிலாந்தில் ஒவ்வொரு பிளானிங் கவுன்சிலும், எங்கே என்ன கட்டலாம் என்று சொல்லும் ஓர் உள்ளூர்த் திட்டம், அதாவது 'லோக்கல் பிளான்', வைத்திருக்க வேண்டும். அது நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து குறைந்தது 15 வருடத்தை முன்னோக்கிப் பார்க்க வேண்டும். எத்தனை வீடு தேவை என்பதற்கு அரசாங்கம் ஒரு கணக்கு முறை வைத்திருக்கிறது. 2024 டிசம்பரில் திருத்திய கணக்கின்படி நாடு முழுவதற்கும் வருடத்துக்குச் சுமார் 3,70,000 வீடுகள். அதில் தன் பங்குக்குக் கவுன்சில் இடம் காட்ட வேண்டும். அதற்காக அது 'கால் ஃபார் சைட்ஸ்' என்று ஓர் அழைப்பு விடுகிறது. காணிக்காரர், விவசாயி, கட்டுமானக் கம்பனி, கோயில் அறக்கட்டளை என்று யாரும் இடத்தைப் பரிந்துரைக்கலாம். வந்த ஒவ்வொரு இடத்தையும் மூன்று கேள்வியால் அளப்பார்கள். இடம் பொருத்தமானதா? உண்மையிலேயே கிடைக்குமா? அங்கே கட்டினால் கட்டுப்படியாகுமா? இந்த அளவீட்டு அறிக்கையைத்தான் பிளானிங் ஆட்கள் 'ஷ்லா' அல்லது 'ஹெலா' என்பார்கள்.

இந்த அறிக்கையில் ஓர் இடம் வந்துவிட்டாலே எல்லாம் முடிந்தது என்று நினைப்பது மிகப் பரவலான பிழை. வரைபடத்தில் தங்கள் வீட்டுக்குப் பின்னால் சிவப்புக் கோட்டைப் பார்த்துவிட்டு, வீட்டை விற்கட்டுமா என்று கேட்டவர்கள் உண்டு. அதே சிவப்புக் கோட்டைத் தன் காணியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வங்கியில் கடன் கேட்கப் போனவரும் உண்டு. இரண்டு பேருமே அவசரப்பட்டார்கள். பட்டியலில் இருப்பது ஒன்று. அதிலிருந்து கவுன்சில் சில இடங்களைத் தெரிந்தெடுத்துத் திட்டத்தில் ஒதுக்குவது வேறு. அதன்பிறகு வருகிற பிளானிங் அனுமதி இன்னொன்று. பட்டியலில் இருந்து பாதியில் விழுகிற இடங்கள் ஏராளம்.

சரி, அப்படியென்றால் அனுமதிக் கட்டத்தில் எதிர்த்துக்கொள்ளலாமே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. 2004ஆம் ஆண்டுப் பிளானிங் சட்டத்தின் 38ஆம் பிரிவு அங்கேதான் குறுக்கே நிற்கிறது: பிளானிங் முடிவு உள்ளூர்த் திட்டத்தின்படியே இருக்க வேண்டும், பிளானிங்கில் கணக்கில் எடுக்கக்கூடிய வேறு காரணம் இருந்தால் மட்டுமே விலகலாம். இடம் திட்டத்தில் ஒதுக்கப்பட்டுவிட்டால், பிறகு வாசல் எந்தப் பக்கம், எத்தனை மாடி, மரம் எங்கே என்பவைதான் பேச்சு. இதுவரை இருந்த முறையில், கவுன்சில் முதல் வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்கிற கட்டத்துக்கு 'ரெகுலேஷன் 18' என்று பெயர். நம் சொல்லுக்கு அதிக மதிப்பு அங்கேதான். அடுத்த 'ரெகுலேஷன் 19' கட்டத்தில் திட்டம் சட்டப்படியும் உறுதியாகவும் இருக்கிறதா என்பதே கேள்வி. அப்புறம் அரசாங்கம் நியமிக்கும் இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து சோதிப்பார். 2023இல் வந்த புதிய சட்டம் இந்தக் கட்டங்களை மாற்றி, 30 மாதத்துக்குள் திட்டத்தை முடிக்கிற முறைக்குக் கொண்டுபோகிறது. அதனால் பெயர்கள் மாறும், காலமும் சுருங்கும். சீக்கிரம் பேச வேண்டிய தேவை இன்னும் கூடும். உங்கள் கவுன்சிலின் பிளானிங் கொள்கைப் பக்கத்தில் மின்னஞ்சல் முகவரியைப் பதிந்துவையுங்கள், ஒவ்வொரு கட்டத்துக்கும் அறிவித்தல் வரும்.

எழுதும்போது என்ன எழுதுகிறோம் என்பதிலும் பிழை விடுகிறோம். 'வீட்டு விலை குறையும்', 'ஜன்னலால் பார்த்தால் வயல் தெரியாது' என்பவற்றைப் பிளானிங்கில் கணக்கில் எடுப்பதில்லை. ஒரே கடிதத்தை 200 பேர் பெயர் மாற்றி அனுப்பினாலும், உள்ளே ஒரே விஷயம் இருந்தால் அதை ஒரே விஷயமாகத்தான் பதில் சொல்வார்கள். எங்கள் தெருவில் ஒரு அன்ரி செய்ததைச் சொல்கிறேன். இன்னொரு புல்வெளி பட்டியலில் வந்தபோது, அவர் நான்கு மாரிகாலத்தில் கைபேசியில் எடுத்த படங்களைத் தேதியோடு வரிசையாக வைத்து அனுப்பினார். வாய்க்கால் எந்த மூலையில் உடைக்கிறது, தண்ணீர் நடைபாதையில் எவ்வளவு தூரம் ஏறுகிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்த நாட்களில் எந்த வழியால் சுற்றிப் போகிறார்கள் என்று அரைப் பக்கம் எழுதினார். கவுன்சில் அதிகாரி மேசையில் இருந்து வரைபடத்தைப் பார்த்து அளந்த இடம் அது. அடுத்த வரைவில் அந்தத் தாழ்ந்த மூலை வீட்டுக்கணக்கிலிருந்து போய், தண்ணீர் தேங்கும் குளமாகக் குறிக்கப்பட்டிருந்தது. என் மூன்று பக்கக் கடிதத்தால் நடக்காதது அவருடைய அரைப் பக்கத்தால் நடந்தது.

அதே அன்ரிதான் முன்பு ஒருநாள் என்னிடம், "தம்பி, அது கிரீன் பெல்ட் தானே, ஒருத்தரும் தொட ஏலாது" என்றார். பலர் இதை நம்பி நிம்மதியாக இருக்கிறார்கள். நகரங்களைச் சுற்றிக் கட்டடம் கட்டாமல் விடுகிற நிலம்தான் கிரீன் பெல்ட். 1955இல் அரசாங்கச் சுற்றறிக்கை ஒன்றால் நாடெங்கும் பரவிய அது, இன்று இங்கிலாந்தின் நிலப்பரப்பில் எட்டில் ஒரு பங்கு. ஆனால் அது அழகான இடத்தைக் காக்க வந்ததல்ல. நகரம் கட்டுப்பாடில்லாமல் பரவாமலும், பக்கத்துப் பக்கத்து ஊர்கள் ஒட்டிப்போகாமலும் தடுப்பதே அதன் முக்கிய வேலை. விசேஷமான காரணம் காட்டி, திட்டத்தின் வழியாகக் கவுன்சில் எல்லையை மாற்றலாம். 2024 டிசம்பரில் 'கிரே பெல்ட்' என்று ஒரு புதுப் பிரிவும் வந்துவிட்டது. முன்பு கட்டடம் இருந்த இடங்களும், அந்த நோக்கங்களுக்குப் பெரிதாக உதவாத காணிகளும் அதில் அடங்கும். ஆகவே 'இது கிரீன் பெல்ட்' என்று மட்டும் எழுதுவதில் பயனில்லை. இந்த வெளி போனால் எந்த இரண்டு ஊர் ஒட்டிப்போகும் என்று எழுத வேண்டும்.

இனி, காணி வைத்திருப்பவர்கள் பக்கம். கடைக்குப் பின்னால் பெரிய முற்றம், கோயிலுக்கு வாங்கிய பழைய தொழிற்சாலை, நீண்ட தோட்டம் என்று நம்மவர்களிடமும் இருக்கிறது. சிறிய இடத்தைக் கவுன்சில் பார்க்காது என்று பலர் விண்ணப்பிப்பதே இல்லை. ஐந்து வீடு போகக்கூடிய இடத்தைப் பார்க்கச் சொல்லித்தான் வழிகாட்டல் இருக்கிறது. தேவையான வீடுகளில் குறைந்தது 10 வீதத்தை ஒரு ஹெக்டேருக்கு மேற்படாத இடங்களில் காட்ட முயல வேண்டும் என்றும் தேசியக் கொள்கை சொல்கிறது. விண்ணப்பிப்பவர்கள் விடுகிற பிழை வேறு. அண்ணன் பெயரும் காணி உறுதிப் பத்திரத்தில் இருக்கும், அவருடைய சம்மதம் இருக்காது. வாடகைக்கு இருப்பவருக்கு இன்னும் எட்டு வருட ஒப்பந்தம் இருக்கும். 'கிடைக்குமா' என்ற கேள்வியிலேயே இடம் விழுந்துவிடும். போன முறை கொடுத்ததுதானே என்று விடுவதும் கூடாது. புதிய திட்டம் தொடங்கினால் திரும்பக் கொடுக்க வேண்டும்.

வீதிக்கும் காணிக்கும் நடுவே ஓரடிப் புல் ஓரம் இன்னொருவர் பெயரில் இருக்கிறதா என்பதைக் கட்டாயம் பாருங்கள். அரசாங்கக் காணிப் பதிவகமான லாண்ட் ரெஜிஸ்ட்ரியில் சில பவுணுக்கு எல்லைப் படம் எடுக்கலாம். 1961இல் கேம்பிரிட்ஜ் காணி ஒன்றைப் பற்றிய வழக்கில், இப்படி வழியைப் பிடித்து வைத்திருப்பவருக்குக் காணியின் பெறுமதி எவ்வளவு கூடுகிறதோ அதில் மூன்றில் ஒரு பங்கு என்று தீர்ப்பாயம் கணக்கிட்டது. இன்றைக்கும் பேரம் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கடைசியாக ஒன்று. இதில்தான் நம்மவர்கள் சேமிப்பையே இழந்திருக்கிறார்கள். ஒரு வயலை வாங்கி, சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, 'கவுன்சில் சீக்கிரம் இதை வீட்டுக்காணியாக மாற்றும்' என்று சொல்லி விற்கிற வியாபாரம். நிதி நடத்தை ஆணையமான எஃப்சிஏ இதைப் பற்றித் தொடர்ந்து எச்சரிக்கிறது. 2016இல் இப்படி ஒரு கம்பனியின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், அது அனுமதி பெற்றே நடத்த வேண்டிய கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று தீர்ப்பானது.

என் மாமா ஒருவர் வேறொரு கம்பனியிடம் அப்படி ஒரு துண்டு வாங்கினார். ஐந்து வருடத்தில் நான்கு மடங்கு என்றார்களாம். நான் அந்தக் கவுன்சிலின் ஹெலா அறிக்கையை எடுத்துத் தேடினேன். அந்த வயல் பட்டியலிலேயே இல்லை, யாரும் பரிந்துரைத்திருக்கவில்லை. நாங்களே கொடுப்போம் என்று உறுதிகளைப் பார்த்தால், ஒரே வயலுக்கு அறுபதுக்கு மேற்பட்ட சொந்தக்காரர். பாதிப் பேர் வேறு நாட்டு முகவரியில். அத்தனை பேரும் கையெழுத்து வைத்தால்தான் இடம் 'கிடைக்கும்' என்று கவுன்சில் எழுதும். துண்டு துண்டாக வெட்டியதே அந்தக் காணியைக் கட்ட முடியாத காணியாக்கிவிட்டது.

மாமா வருடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவார். விற்கும்போது எல்லைக்கு மரக்குற்றிகள் அடித்துக் காட்டியிருந்தார்கள். போன வருடம் நானும் கூடப் போனேன். இடுப்பளவு புல்லுக்குள் குற்றிகளைத் தேடி ஒரு மணிநேரம் நடந்தோம், ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.