ரூட் கெனாலுக்குப் பின் எந்தக் கேப்?

செங்கோட்டையில் பல் கிளினிக் வைத்திருக்கிறேன். ஆரியங்காவு, தென்மலையிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். பல்லை மூடும் உறையான கேப் என்றதும் எல்லோரும் விலையைக் கேட்பார்கள். புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளே, விலை சொல்லும் முன் மிச்சமிருக்கும் பல்லைப் பாருங்கள்.

பழைய நிரப்பலையும் சொத்தையையும் முழுக்க எடுத்துவிட்டு, ஈறுக்கு மேல் நல்ல பல் எவ்வளவு நிற்கிறது என்று அளந்து பாருங்கள். சுற்றிலும் 2 மி.மீ. இருந்தால் கேப் பிடித்து நிற்கும். இல்லையென்றால் ஈற்றை இறக்கி உயரம் கூட்டலாமா, பல்லையே எடுத்துவிடலாமா என்று அப்போதே பேசிவிடுங்கள். வேருக்குள் போஸ்ட் என்ற கம்பி வைத்தால் பல் பலமாகும் என்று இன்னும் சிலர் சொல்லித் திரிகிறார்கள். அது கோர், அதாவது இழந்த பல்லுக்குப் பதில் கேப்புக்கு அடியில் கட்டும் பகுதி, பிடித்து நிற்கத்தான். அதற்காக வேரைக் குடைந்தால் பல் இன்னும் மெலியும்.

கடைவாய்ப் பல்லில் கடிக்கும் முனைகளைக் கேப்பால் மூடியே ஆகவேண்டும். நேந்திரங்காய் சிப்ஸும் முறுக்கும் கடிக்கிற ஊர் இது. நான் அதிகம் போடுவது முழு ஜிர்கோனியா, உலோகம் இல்லாத உறுதியான பீங்கான் வகை. கடிக்கும் பக்கம் 1 முதல் 1.5 மி.மீ. சீவினால் போதும். உலோகத்தின் மேல் பீங்கான் என்றால் 2 மி.மீ. வரை வேண்டும், பீங்கான் பெயரவும் கூடும். இடமே இல்லையா? வெறும் உலோகக் கேப். முகம் சுளிப்பார்கள், ஆனால் உழைக்கும்.

முன்பல்லில் ரூட் கெனாலுக்காக நாம் போட்ட துளை தவிர வேறு சேதம் இல்லையென்றால் பல் நிற நிரப்பலான காம்போசிட்டே போதும். சேதம் அதிகமென்றால் லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடிப் பீங்கான் கேப்.

"ஓணம் கழியட்டும் டாக்டர், வந்து கேப் போட்டுக்கிறேன்" என்பவரைத் தற்காலிக நிரப்பலோடு அனுப்பாதீர்கள். கோர் கட்டி, எதிர்ப்பல்லின் கடி அதிகம் படாதபடி குறைத்து அனுப்புங்கள்.