கார் வாஷ் போட ஊர் பார்க்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

புறநகரில் ஒரு சின்ன ஊர். ஊரை ஒட்டிப் பெரிய சாலை போகிறது. காலையும் மாலையும் கார்கள் வரிசைகட்டி நகர்கின்றன. ஊருக்குள் கார் வாஷ் ஒன்றுகூட இல்லை. இதைப் பார்த்ததுமே இடம் அமைந்துவிட்டது என்று முன்பணம் கொடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தத் தொழிலில் போடும் பணத்தில் கணிசமான பங்கு தரைக்கு அடியில் போகிறது. தொட்டி, வடிகால், கான்கிரீட் தளம் எதையும் பெயர்த்து இன்னோர் ஊருக்கு எடுத்துப் போக முடியாது. அதனால் ஊரை மதிப்பிடுவதில் நடக்கும் தவறுகளைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஓடும் கார்களை எண்ணிவிட்டு, நிற்கும் கார்களை மறப்பது

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். நாளைக்கு இத்தனை ஆயிரம் வண்டி போகிறது என்ற கணக்கை வைத்துக்கொண்டு, அதில் நூற்றில் ஒன்று உள்ளே திரும்பினாலும் போதும் என்று நினைப்பது. அந்த வண்டிகளில் பல, ஊரைத் தாண்டி எங்கோ போகிறவை. வேலைக்கோ விசேஷத்துக்கோ அவசரமாகப் போகிறவர் வழியில் இறங்கி அரை மணி நேரம் காத்திருக்க மாட்டார். கார் கழுவ வருகிறவர் பெரும்பாலும் வீட்டிலிருந்து கிளம்பி வருகிறவர், அல்லது வீட்டுக்குத் திரும்புகிறவர். அதனால் அந்த ஊரில் இரவு எத்தனை கார்கள் தங்குகின்றன என்று பாருங்கள். இரவு பத்து மணிக்கு மேல் தெருத் தெருவாக நடந்து எண்ணலாம். ஒரு வாரத்தில் முடித்துவிடக்கூடிய வேலை.

வாகன வேகமும் இந்தக் கணக்கில் வரும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கும். உங்கள் பலகை 100 மீட்டர் தொலைவில்தான் கண்ணில் படுகிறது என்றால், ஓட்டுநருக்கு நாலரை நொடிதான் கிடைக்கிறது. படித்து, யோசித்து, பின்னால் வருகிறவரைப் பார்த்து, வேகம் குறைத்துத் திரும்ப அது போதாது. சிக்னலுக்குப் பக்கத்திலோ வேகம் குறையும் கடைத்தெருவிலோ உள்ள மனை, நெரிசல் குறைவாக இருந்தாலும் மேலானது. வீடு திரும்பும் பக்கமா, வேலைக்குப் போகும் பக்கமா என்றும் பாருங்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து சாலையைக் குறுக்கே கடந்து வர வேண்டும் என்றால் பலரும் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விடுவார்கள்.

நாள் சராசரியை நம்புவது

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஊரில் 3,000 கார்கள் தங்குகின்றன. பத்தில் ஒருவர் வாடிக்கையாளர் ஆகிறார், மாதம் இரண்டு முறை வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 600 கார், நாளைக்கு 20. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் புறநகர் ஊரின் சுபாவம் வேறு. காலையில் கார்கள் நகரத்துக்குப் போய்விடுகின்றன, இருட்டும்போதுதான் திரும்புகின்றன. 600-இல் பாதி வார இறுதியில் வந்தால், அந்த எட்டு ஒன்பது நாட்களில் நாளைக்கு 35 கார். மற்ற நாட்களில் 14 கார்தான்.

ஒரு காரைக் கையால் கழுவி, உள்ளே வாக்யூம் போட்டு, துடைத்துத் தர 40 நிமிடம் என்றால், ஒரு மேடையில், அதாவது ஒரு கார் நிறுத்திக் கழுவும் இடத்தில், பத்து மணி நேரத்தில் 15 கார் முடியும். ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று மேடையும் ஆட்களும் வேண்டும். செவ்வாய்க்கிழமை ஒன்றே போதும். மூன்று மேடைக்கான வாடகை மட்டும் மாதம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்குமா என்பதுதான் அந்த ஊரைப் பற்றிய உண்மையான கேள்வி. மழை நாட்களையும் கழித்தால் கணக்கு இன்னும் இறுகும். ஆண்டு முழுவதற்கும் ஒரே எண்ணைப் போடாமல், மாதத்துக்கு மாதம் தனித்தனியாக எழுதிப் பாருங்கள்.

வார நாட்களை நிரப்ப வழி இருக்கிறதா என்றும் தேடலாம். வாடகைக் கார் வைத்திருப்பவர்கள், பள்ளி வேன்கள், டெலிவரி வண்டிகள், பழைய கார் விற்கும் கடைகள் பக்கத்தில் இருந்தால் அந்தச் சின்ன ஊருக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன்.

போட்டியே இல்லை என்று மகிழ்வது

கடை இல்லாத ஊரில் வாடிக்கையும் இல்லாமல் இருக்கலாம். முன்பு யாராவது தொடங்கி மூடினார்களா என்று விசாரியுங்கள். மூடியவர் கிடைத்தால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். தண்ணீர் பிரச்சினையா, அக்கம்பக்கத்துப் புகாரா, ஆள் கிடைக்கவில்லையா, எதுவாக இருந்தாலும் அது உங்களுக்கும் காத்திருக்கிறது.

அப்புறம், போட்டி என்பது பலகை மாட்டிய கடை மட்டும் கிடையாது. சர்வீஸுக்கு விட்டால் கழுவியே தரும் பணிமனைகள், பெட்ரோல் பங்கின் ஓரத்தில் இருக்கும் மேடை, வாசலுக்கே வந்து துடைத்துக் கொடுக்கிறவர்கள், நகரத்து அலுவலகத்தின் அடித்தளத்தில் கார் நிற்கும்போதே கழுவிவிடுகிறவர்கள் எல்லாரும் போட்டிதான். முற்றமும் குழாயும் உள்ள தனி வீடுகள் நிறைந்த ஊரில் பலர் தாங்களே கழுவிக்கொள்வார்கள். அடுக்குமாடிகள் நிறைந்த ஊரில் அதற்கு இடம் இருக்காது. மக்கள்தொகை ஒன்றாகவே இருந்தாலும் இந்த இரண்டு ஊர்களும் உங்களுக்கு ஒன்றல்ல.

தண்ணீரைக் கடைசியில் பார்ப்பது

மனை, முகப்பு, பலகை எல்லாம் முடிவான பிறகு தண்ணீர் போதுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இதை முதல் வாரத்திலேயே கேட்டிருக்க வேண்டும். நிமிடத்துக்கு 12 லிட்டர் தரும் பிரஷர் பம்பை ஒரு காருக்கு 12 நிமிடம் இயக்கினால் 144 லிட்டர். நாளைக்கு 35 கார் என்றால் 5,000 லிட்டர். இது கிணற்றிலிருந்தா, போர்வெல்லிலிருந்தா, பொதுக்குழாயிலிருந்தா? பொதுக்குழாய் என்றால் வணிகத்துக்குக் கொடுப்பார்களா, தட்டுப்பாட்டுக் காலத்தில் முதலில் நிறுத்தப்படுவது யாருடைய இணைப்பு? போர்வெல் என்றால் மழைக்காலத்தில் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். கோடையின் கடைசியில் அக்கம்பக்கத்தில் எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது என்று கேளுங்கள்.

அளவைப் போலவே தரமும் முக்கியம். தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துக் கடினத்தன்மையையும் கரைந்துள்ள உப்பின் அளவையும் பாருங்கள். லிட்டருக்கு 180 மில்லிகிராமுக்கு மேல் கடினத்தன்மை இருந்தால் அது மிகக் கடின நீர். ஷாம்பு நுரைக்காது, பம்பிலும் முனையிலும் உப்புப் படியும், கறுப்புக் காரில் காய்ந்ததும் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். கடின நீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் கருவி வைத்தால் எல்லாம் தீர்ந்தது என்று நினைப்பது இன்னொரு தவறு. சாஃப்ட்னர் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. நுரை வரும், ஆனால் மொத்த உப்பு குறையாது, புள்ளியும் முழுசாகப் போகாது. கடைசி அலசலுக்கு ஆர்ஓ நீர் வேண்டியிருக்கும். ஆர்ஓ கழித்துவிடும் நீரை டயருக்கும் முதல் அலசலுக்கும் பயன்படுத்தலாம், ஆனால் அந்தச் செலவு உங்கள் கணக்கில் முதலிலிருந்தே இருக்க வேண்டும்.

உள்ளே வரும் தண்ணீரை மட்டும் யோசித்து, வெளியே போவதை மறந்துவிடவும் கூடாது. கழுவிய நீரில் மண், எண்ணெய், சோப்பு எல்லாம் இருக்கும். சின்ன ஊர்கள் பலவற்றில் பாதாளச் சாக்கடை இருக்காது; மழைநீர்க் கால்வாய்தான் கண்ணுக்குத் தெரியும். அதில் விட்டால் சுத்திகரிக்காமலே நேராகக் குளத்துக்கோ ஆற்றுக்கோ போய்விடும். அந்த ஊர்க்காரர்கள் குடிக்கும் தண்ணீராகவும் அது இருக்கக்கூடும். முதலில் மண் படியும் தொட்டி, அடுத்து எண்ணெய் பிரிக்கும் தொட்டி, இரண்டுக்கும் இடம் வேண்டும். இன்ஜின் கழுவக் காரமான கிரீஸ் நீக்கியைப் பயன்படுத்தினால் எண்ணெய் தண்ணீரோடு கலந்து பால்போல் ஆகிவிடும்; அந்தத் தொட்டியால் அதைப் பிரிக்க முடியாது. உறிஞ்சு குழி வெட்டிக்கொள்ளலாம் என்று மனைக்காரர் சொன்னால் மண்ணைப் பாருங்கள். களிமண் உறிஞ்சாது, மணல் மண்ணோ அழுக்கை நிலத்தடி நீரில் கொண்டுபோய்ச் சேர்க்கும். எங்கே விடலாம் என்பதை உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் புகார் வரும் நாளில் உதவாது.

மனையின் அளவை மேடையோடு முடித்துக்கொள்வது

காத்திருக்கும் காருக்கும் இடம் வேண்டும். ஒரு காருக்கு இடைவெளியோடு ஆறரை மீட்டர் வைத்தால், ஆறு கார் வரிசைக்குக் கிட்டத்தட்ட 40 மீட்டர். அது சாலையில் நீண்டால் முதல் ஞாயிறே பிரச்சினை வரும். கழுவி முடித்த காரைத் துடைக்கவும் நிழலில் இடம் தேவை. மூன்று ஃபேஸ் மின் இணைப்பு மனை வரை வந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

சத்தத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. மக்கள் ஓய்வெடுக்கும் ஞாயிறு காலையில்தான் உங்கள் கம்ப்ரஸரும் வாக்யூமும் அதிகம் ஓடும். திறந்த வெளியில் தொலைவு இரட்டிப்பானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். பத்து மீட்டரில் உள்ள படுக்கையறை ஜன்னலுக்கும் நாற்பது மீட்டரில் உள்ளதற்கும் 12 டெசிபல் வித்தியாசம். பக்கத்து வீட்டாரிடம் ஒப்பந்தத்துக்கு முன்பே போய்ப் பேசுங்கள். வருகிறவர்களில் பலர் அவர்களாகவே இருப்பார்கள்.

வரப்போகும் வளர்ச்சிக்கு இன்றே வாடகை கொடுப்பது

இரண்டு வருஷத்தில் இங்கே ஆயிரம் வீடு வரும் என்று சொல்லி வாடகையை ஏற்றுவார்கள். கட்டி முடித்த கட்டடங்களில் இரவு எத்தனை ஜன்னல்களில் விளக்கு எரிகிறது என்று எண்ணுங்கள். வாங்கிப் போட்டவர்கள் குடிவராமல் இருக்கலாம். சாலையை அகலப்படுத்தும் திட்டம் இருக்கிறதா, நடுவே தடுப்பு வரப்போகிறதா என்றும் கேளுங்கள். முன்பக்கம் நாலு மீட்டர் போனால் உங்கள் வரிசை இடம் போய்விடும். தடுப்பு வந்தால் எதிர்ப்பக்க வாடிக்கை முழுதும் போய்விடும்.

குத்தகைக் காலம் போட்ட முதலைத் திரும்ப எடுக்கும் காலத்தைவிடக் குறைவாக இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். தொட்டியும் தளமும் கட்டி முடித்த மறுவருஷம் காலி செய்யச் சொன்னால் அவை மனைக்காரருக்கே போய்ச் சேரும். அனுமதி கிடைக்காவிட்டாலோ, தண்ணீர் ஆய்வில் தேறாவிட்டாலோ முன்பணம் திரும்ப வேண்டும் என்ற வரியை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த மனையைப் பாருங்கள்.