புதுச்சேரியில் அரசியல் வகுப்பு எடுப்பவர்கள் வழுக்கும் இடங்கள்

கட்சி இளைஞர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் அரசியல் வகுப்பு எடுக்கப் புதிதாக வருகிறவர்கள், பழையவர்கள் வழுக்கிய அதே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். ஓட்டுப் போடும் வயதை மாற்றிச் சொல்வது போன்றவற்றை விட்டுவிடலாம். யாராவது கை தூக்கித் திருத்திவிடுவார்கள்.

‘பெரும்பான்மை என்றால் 16’

எத்தனை முறை கேட்டாலும் எரிச்சல் தீராத தவறு இது. கடலூர்ப் பக்கமிருந்து வருகிறவருக்கு 234, 118 என்ற கணக்கு மனப்பாடம். அதே சூட்டில் இங்கே ‘30 தொகுதி, ஆக 16’ என்று பலகையில் எழுதிவிடுகிறார். 1963-ஆம் ஆண்டு யூனியன் பிரதேச ஆட்சிச் சட்டப்படி, தேர்வாகும் 30 பேருடன் மத்திய அரசு 3 பேர் வரை நியமிக்கலாம். பட்ஜெட்டிலும் நம்பிக்கை வாக்கெடுப்பிலும் நியமன எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுப் போடலாம் என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியானால் முழு அவை 33, பாதியைத் தாண்ட 17.

அந்த 17-ம் நிலையானதல்ல. 2021 பிப்ரவரி 22 அன்று, முதல்வர் நாராயணசாமியின் காங்கிரஸ் அரசு நம்பிக்கை கோரியபோது, ஏழு இடங்கள் காலி. அவையில் 26 பேர். காங்கிரஸ் 9, திமுக 2, சுயேச்சை 1 என ஆளும் தரப்பில் 12. எதிரே என்.ஆர். காங்கிரஸ் 7, அதிமுக 4, நியமனம் 3 என 14. அந்த மூவரைக் கழித்துப் பாருங்கள்: 12-க்கு 11. ஆளும் தரப்பில் ஒருவர் சபாநாயகர். அவர் சமநிலை வந்தால்தான் ஓட்டுப் போடுவார். 11-க்கு 11, பிறகு அவர் ஓட்டு. ஆட்சி நின்றிருக்கும். நின்றது நாராயணசாமி அரசா? இல்லை, கவிழ்ந்தது. 16 என்று படித்தவருக்கு ஏன் கவிழ்ந்தது என்பதே விளங்காது.

வகுப்பில் 33 துண்டுச் சீட்டு கொடுங்கள், மூன்று மட்டும் வேறு நிறத்தில். ராஜினாமா செய்தவரின் சீட்டைக் கிழிக்கச் சொல்லுங்கள், சபாநாயகர் சீட்டைத் தனியே வைக்கச் சொல்லுங்கள். மிச்சத்தை எண்ணினால் போதும், விரிவுரையே வேண்டாம்.

ராஜினாமாவையும் கட்சித் தாவலையும் ஒன்றாக்குவது

கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலோ, போடாமல் இருந்தாலோ, 15 நாளுக்குள் கட்சி மன்னிக்காவிட்டால் பதவி பறிபோகும். ராஜினாமா செய்தவர் இடத்தைக் காலி செய்கிறார். அவை சுருங்கி, பாதி என்ற கோடே இறங்குகிறது. ஆட்சியைக் கவிழ்க்க எதிரணிக்குப் போகவே வேண்டியதில்லை. மூன்றில் ஒரு பங்கு பிரிந்தால் தப்பலாம் என்பது 2003-லேயே போய்விட்டது. இன்னும் அதையே சொல்லிக் கொடுக்கிறார்கள். இப்போது இருப்பது மூன்றில் இரண்டு பங்கு பேர் சேர்ந்து வேறு கட்சியில் இணைவது மட்டும்: 9 பேர் கட்சியில் 6, 2 பேர் கட்சியில் இருவரும்.

மாஹேயையும் ஏனாமையும் மறப்பது

புதுச்சேரி 23, காரைக்கால் 5, மாஹே 1, ஏனாம் 1. கேரளக் கரையில் இருக்கும் மாஹேயில் கேரள அணிகளின் மோதல். 2016-ல் அங்கே காங்கிரசைத் தோற்கடித்த சுயேச்சைதான் புதுச்சேரியில் காங்கிரஸ் அரசை ஆதரித்தார். மேலே வந்த அந்த ‘1’ அவர்தான்.

கூட்டணி ஓட்டைக் கூட்டுவது

போன தேர்தலின் இரண்டு கட்சி ஓட்டுகளைக் கூட்டினால் இந்தத் தேர்தலின் ஓட்டு வராது.

டெபாசிட்

தோற்ற வேட்பாளர் கட்டிய டெபாசிட் பணம் திரும்பக் கிடைக்க, செல்லும் ஓட்டில் ஆறில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டும். 24,000 என்றால் 4,000 போதாது, 4,001.

நோட்டா

‘யாருக்கும் இல்லை’ என்று போடும் இந்த ஓட்டு அந்த 24,000-க்குள் வராது.