பாதி கட்டிய ஆர்.வி-7 வாங்கப் போகிறீர்களா?

ஆர்.வி-7 என்பது பாகங்களாக வாங்கி வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் சிறிய விமானம். நான் அமெரிக்காவின் ஒஹையோவில் ஒருவருடைய கராஜிலிருந்து பாதி கட்டியது ஒன்றை வாங்கினேன். இறக்கைகள் முடிந்திருந்தன, உடல்பகுதி பாதியில் நின்றிருந்தது.

முதலில் கேட்க வேண்டியது கட்டுமானப் பதிவேடும் படங்களும்தான். அமெரிக்காவில் விமானத்தின் பெரும்பகுதியை, அதாவது 51 சதவீதத்தை, பொழுதுபோக்காகக் கட்டுபவர்களே செய்திருக்க வேண்டும். முந்தைய உரிமையாளரின் வேலையும் அதில் சேரும், கூலிக்குச் செய்வித்தது சேராது. அதைக் காட்டுவது பதிவேடுதான்; அது இல்லை என்றால் நான் விலையே பேச மாட்டேன்.

அப்புறம் ரிவெட்டுகள், அதாவது தகடுகளை இணைக்கும் உலோக ஆணிகள். அடித்துத் தட்டையாக்கிய முனையின் (தலையின்) அகலம் ரிவெட்டின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு, உயரம் பாதி இருக்க வேண்டும். ஓர் அளவுகோலோடு போய்ப் பத்திருபது இடங்களைத் தொட்டுப் பாருங்கள். சாய்ந்த தலைகள் வரிசையாக இருந்தால் கட்டியவர் அவசரப்பட்டிருக்கிறார். விமான எரிபொருள் தொட்டியில் கசிவுச் சோதனை நடந்ததா என்றும் கேளுங்கள்.

என்ஜின் சேர்ந்து வந்தால் கவனம். லைகமிங் நிறுவன என்ஜினில் கேம்ஷாஃப்ட், அதாவது வால்வுகளைத் திறக்கும் தண்டு, மேல்பகுதியில் இருக்கிறது. பல வருடம் ஓடாமல் கிடந்தால் எண்ணெய் வடிந்து அது துருப்பிடிக்கும். "அப்படியே வைத்திருந்தேன்" என்று விற்பவர் சொன்னால், பிரித்துப் பார்க்கும் செலவையும் கழித்துப் பேசுங்கள்.

விமானம் கட்டும் ஆர்வலர்களின் அமெரிக்கச் சங்கமான இ.ஏ.ஏ.வின் தொழில்நுட்ப ஆலோசகர் ஒருவரைக் கூட்டிப் போங்கள், காசு வாங்க மாட்டார். நான் தவறவிட்ட இரண்டு விரிசல்களை அவர்தான் காட்டினார்.