பழைய காரில் லைட் மங்குகிறதா? முதலில் எர்த்தைப் பாருங்கள்

செங்கோட்டை, புளியரை பக்கம் பழைய மாருதி 800, அம்பாசடர் எல்லாம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. எஞ்சின் நன்றாகவே இருக்கும். தொல்லை கொடுப்பது கரண்ட் சமாச்சாரம்தான். ஜூன் பிறந்து சாரல் பிடித்துவிட்டால் ஒரு லைட் மங்கும், இண்டிகேட்டர் தாறுமாறாக அடிக்கும், காலையில் செல்ப் எடுக்காது. கடையில் காட்டினால் பேட்டரியை மாற்று, ஆல்டர்னேட்டரை (எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் பொருள்) மாற்று என்று பேச்சு தொடங்கும். நான் பார்த்த வரையில் இவற்றில் பெரும்பாலானவை பொருள் கெட்டு வருபவை அல்ல. எர்த் கெட்டு வருபவை. காசு செலவழிக்கும் முன் நீங்களே வீட்டு வாசலில் வைத்துப் பார்க்கக்கூடியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

எர்த் என்றால் என்ன?

பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ஒயர் வழியாகப் பல்புக்குப் போகிற கரண்ட், திரும்பி வர முழு நீளத்துக்கும் தனி ஒயர் கிடையாது. கார் பாடியின் இரும்பு வழியாகத்தான் மைனஸுக்கு வந்து சேர்கிறது. பல்பு ஹோல்டரிலிருந்து ஒரு சின்ன ஒயர் வந்து, பாடியில் ஒரு ஸ்க்ரூவோடு முறுக்கப்பட்டிருக்கும். அந்த ஸ்க்ரூவுக்கு அடியில் துரு ஏறிவிட்டால் கரண்ட் திரும்பும் வழி அடைபடும். புது பல்பு போட்டாலும் மங்கலாகத்தான் எரியும்.

கையில் இருக்க வேண்டியவை

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப், பேட்டரி டெர்மினலுக்குப் பொருந்தும் ஸ்பேனர் (மாருதிக்கு 10 நம்பர்), உப்புத்தாள், கம்பி பிரஷ், வாஸ்லின். இவை போதும்.

கை வைக்கும் முன் மோதிரம், உலோக வாட்ச் இரண்டையும் கழற்றி வையுங்கள். பேட்டரி பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. அதிலிருந்து வரும் வாயு தீப்பிடிக்கும். பேட்டரியைக் கழற்ற வேண்டி வந்தால் முதலில் மைனஸ், பிறகு பிளஸ். மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். பிளஸ்ஸை முதலில் கழற்றினால், ஸ்பேனர் பாடியில் பட்ட நொடியே ஷார்ட் ஆகும்.

முதல் படி: பேட்டரி

காலையில் வண்டியை எடுக்கும் முன் மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் தொட்டு அளந்து பாருங்கள். 12.6 வந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் முதலில் சார்ஜ் போடுங்கள், மற்ற சோதனை எல்லாம் அப்புறம். இனி எஞ்சினை ஓடவிட்டு அளங்கள். 13.8-க்கும் 14.5-க்கும் நடுவில் இருந்தால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. எஞ்சின் ஓடியும் 12 சொச்சத்திலேயே நின்றால் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், இரண்டு கிளாம்பையும் (டெர்மினலைக் கவ்விப் பிடிக்கும் ஒயர் முனை) கழற்றி, ஆப்பசோடா கலந்த வெந்நீரால் கழுவுங்கள். அந்தத் தண்ணீர் பேட்டரிக்குள் போகக் கூடாது. பிரஷ் போட்டுத் தேய்த்து, காயவிட்டு, இறுக்கி மாட்டிய பிறகு மேலே வாஸ்லின் தடவுங்கள்.

இரண்டாம் படி: எர்த் சோதனை

இதை மட்டும் நிதானமாகச் செய்யுங்கள். மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியில் துருத்தி நிற்கும் மைனஸ் தண்டின் மேல் வையுங்கள். கிளாம்பின் மேல் வேண்டாம், தண்டின் மேலேயே. சிவப்பு முனையை எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்பில் வையுங்கள். வீட்டில் ஒருவரைச் செல்ப் அடிக்கச் சொல்லுங்கள். மீட்டர் 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் நல்லது. 0.5-ஐத் தாண்டினால் எஞ்சினுக்கும் பாடிக்கும் பேட்டரிக்கும் நடுவே உள்ள எர்த் பட்டை துருவேறியோ தளர்ந்தோ இருக்கிறது. செல்ப் மோட்டாரை இறக்கும் முன் இதைச் சரிசெய்யுங்கள்.

ஹெட்லைட்டுக்கும் இதே முறைதான். கறுப்பு முனை பேட்டரி மைனஸில் இருக்கட்டும். லைட்டைப் போட்டு, ஹோல்டரில் எர்த் ஒயர் வரும் பின்னில் சிவப்பு முனையை வையுங்கள். ஒரு வோல்ட் காட்டினால் அந்த ஒரு வோல்ட் பல்புக்குக் கிடைக்காமல் துருவில் போகிறது. ஹாலஜன் பல்பில் ஒரு வோல்ட் குறைந்தாலே வெளிச்சத்தில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். கோட்டைவாசல் தாண்டி ஆரியங்காவு பக்கம் மலைப்பாதையில் இரவு மழையில் இறங்குகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

எர்த் ஸ்க்ரூவைக் கழற்றி, வளையத்தையும் அதன் அடியில் உள்ள பாடியையும் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, வாஸ்லின் பூசுங்கள். மீண்டும் அளந்து பாருங்கள்.

பின்பக்க லைட்டில் எர்த் போனால் அறிகுறி விசித்திரமாக இருக்கும். எங்கள் தெருவில் ஒரு அண்ணாச்சியின் காரில் பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டரும் லேசாக மின்னும். "லைட் செட்டையே மாத்தணும்னு சொல்லுதாங்க தம்பி" என்றார். உள்ளே பார்த்தால் எர்த் ஸ்க்ரூ துருப்பிடித்து ஆடிக்கொண்டிருந்தது. திரும்ப வழியில்லாத கரண்ட், பக்கத்துப் பல்பு வழியாகப் போய்க்கொண்டிருந்தது. தேய்த்து முறுக்கியதும் சரியாகிவிட்டது.

மூன்றாம் படி: ஃபியூஸ்

டெஸ்ட் லேம்பின் கிளிப்பைப் பாடி இரும்பில் மாட்டி, சாவியை ஆன் செய்யுங்கள். ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளையும் தொடுங்கள். இரண்டிலும் எரிந்தால் ஃபியூஸ் நல்லது. ஒன்றில் மட்டும் எரிந்தால் போய்விட்டது. பிளேடு ஃபியூஸில் சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. போன ஃபியூஸ் எந்த அளவோ அதையே போடுங்கள். பெரிய ஃபியூஸோ சிகரெட் ஜிகினா தாளோ வைத்தால் ஃபியூஸுக்குப் பதில் ஒயர் எரியும். காரே எரிந்துபோகலாம்.

புது ஃபியூஸும் உடனே போனால் எங்கோ ஷார்ட். கதவு, டிக்கி கீல் பக்கம் ஒயர் மடங்கி நிமிரும் இடங்களைப் பாருங்கள். சாரல் காலத்தில் முன் கண்ணாடி ரப்பர் வழியாகத் தண்ணீர் இறங்கி ஃபியூஸ் பாக்ஸுக்கும் போகும். டேஷ்போர்டுக்குக் கீழே கார்பெட்டைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் ரப்பரைச் சரிசெய்யாமல் மற்றதைத் தொட்டுப் பயனில்லை.

சில்லறைக் கோளாறுகள்

இண்டிகேட்டர் ஒரு பக்கம் மட்டும் வேகமாக அடித்தால் அந்தப் பக்கம் ஒரு பல்பு போயிருக்கும். பிரேக் லைட் இரண்டுமே எரியவில்லை என்றால் ஃபியூஸ், அடுத்து பெடலுக்கு மேலே உள்ள ஸ்விட்ச். ஹாலஜன் பல்பு மாற்றும்போது கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். புளியரை எஸ் வளைவில் லாரிக்குப் பின்னால் நின்று ஊரும்போது லைட் கொஞ்சம் மஞ்சளாவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஐடிலில் ஆல்டர்னேட்டர் குறைவாகத்தான் கொடுக்கும். ஆக்ஸிலேட்டர் கொடுத்தும் அப்படியே இருந்தால்தான் கவலை.

ராத்திரியில் பேட்டரி இறங்கினால்

சாவியை எடுத்து, கதவுகளை மூடி, மைனஸ் கிளாம்பைக் கழற்றுங்கள். மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, கிளாம்புக்கும் தண்டுக்கும் நடுவில் வையுங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் (மீட்டரில் 0.05) இருந்தால் சரி. கூடுதல் என்றால் ஃபியூஸை ஒவ்வொன்றாக உருவுங்கள்; எதை உருவும்போது எண் விழுகிறதோ அந்த லைனில்தான் கசிவு. பழைய கார்களில் முன்னாள் உரிமையாளர் இழுத்துவிட்ட ஆடியோ செட் ஒயரை நான் முதலில் சந்தேகிப்பேன். மீட்டர் இப்படி மாட்டியிருக்கும்போது சாவியைப் போடவே கூடாது, மீட்டர் கருகிவிடும்.

ஒயர் உருகியிருந்தாலோ, பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தாலோ மைனஸைக் கழற்றிவிட்டு ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அளந்த எண்களை ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள். எங்கிருந்து தேடுவது என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும்.