பவளத்திட்டு மீன்களின் தாடை: வாயை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம்

பாம்பன் பக்கம் கிளிமீன் வாங்கப் போனால் எல்லோர் கண்ணும் முதலில் அதன் அலகில்தான் விழும். கேரளத்தில் கிளிமீன் என்று கேட்டால் இளஞ்சிவப்பான சங்கராவை எடுத்துப் போடுவார்கள். நான் சொல்வது பச்சையும் நீலமுமாக, கிளிமூக்கோடு மன்னார் வளைகுடாப் பவளத்திட்டுகளில் மேய்கிற மீனை. "இந்த அலகாலதான் பவளத்தைக் கடிச்சு அரைச்சுத் தின்னுது" என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வார். கடிப்பது அலகு, சரி. அரைப்பது அலகு இல்லை.

மீனுக்கு ஒரே தாடைதான் என்று நினைப்பதுதான் எல்லாத் தவறுக்கும் தாய். பெரும்பாலான எலும்பு மீன்களுக்குத் தொண்டையில், செவுள் வளைவுகளுக்குப் பின்னால், இன்னொரு தாடை உண்டு. செவுளைத் தாங்கிய எலும்புகளே அங்கே பல் முளைத்துத் தாடையாகியிருக்கின்றன. அடுத்த முறை கிளிமீன் வாங்கினால் தலையை வெட்டி எறியச் சொல்லாதீர்கள். வெந்நீரில் போட்டுச் சதையை வழித்துவிட்டுத் தொண்டைப் பக்கம் பாருங்கள். கீழே ஒற்றை எலும்பு, குழிந்து, பல் வரிசைகளோடு கிடக்கும். மேலே அதற்கு ஏற்றாற்போல் புடைத்த எலும்பு. கையில் வைத்துப் பொருத்திப் பார்த்தால் அம்மியும் குழவியும்தான்! விரலால் தடவினால் ஒரு முனையில் பல் தேய்ந்து மழுங்கியிருப்பதும், மறுமுனையில் புதுப்பல் கூராக வந்துகொண்டிருப்பதும் தெரியும். அலகு சுரண்டித் தந்த சுண்ணாம்புக் கல்லை இந்த அம்மிதான் மாவாக்குகிறது. கிளிமீனுக்கு இரைப்பை கிடையாது. இங்கே அரைபடாதது குடலில் போய்ச் சீரணமாகும் என்று எதிர்பார்க்க முடியாது. சத்து போக மிஞ்சியது வெள்ளை மணலாக வெளியே வருகிறது.

அலகும் லேசுப்பட்டதல்ல. நூற்றுக்கணக்கான சிறுபற்கள் வரிசை வரிசையாக ஒட்டி உண்டானது. அந்தப் பல்லின் மேற்பூச்சில் ஃபுளோரபடைட் என்ற கடினமான கனிமத்தின் படிக இழைகள் பாவும் ஊடும் போலப் பின்னிக் கிடக்கின்றன. 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைப் படம்பிடித்துக் காட்டியது.

பாம்பு போல நீண்ட அஞ்சாலை மீன் விஷயத்தில் தவறு வேறு மாதிரி. பொந்திலிருந்து தலையை நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடும்போது, கோபத்தில் மிரட்டுகிறது என்கிறார்கள். அது மூச்சு விடுகிறது, அவ்வளவுதான். அதன் உண்மையான ஆயுதம் உள்ளே இருக்கிறது. இரையைக் கவ்வியதும் தொண்டைத் தாடை முன்னோக்கிப் பாய்ந்து வந்து, இரையைப் பற்றி உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆய்வாளர்கள் ரீட்டா மேத்தாவும் பீட்டர் வெயின்ரைட்டும் 2007இல் இதை அதிவேகப் படக்கருவியில் பதிவு செய்து வெளியிட்டார்கள். மற்ற மீன்கள் வாயைச் சட்டென்று விரித்துத் தண்ணீரோடு இரையை உறிஞ்சுகின்றன. அஞ்சாலைக்கு அந்த உறிஞ்சும் பலம் குறைவு. அதை ஈடுகட்டுவது இந்த இழுவைதான்.

அடுத்தது, மூடிய வாயைப் பார்த்து முடிவு கட்டுவது. காரல் பவளத்திட்டு மீனல்ல, ஆனால் எல்லா வீட்டு அடுப்படிக்கும் வருவது. அதன் மேலுதட்டைப் பிடித்து மெல்ல இழுங்கள். மடித்து வைத்த குழாய் போல வாய் வெளியே நீளும். பவளத்திட்டில் இதன் உச்சம் எபிபியூலஸ் என்ற மீன். அதன் தாடை தலை நீளத்தில் 65 சதவீதம் வரை முன்னே பாயும். மூடியிருக்கும்போது அப்படி ஒரு வித்தை உள்ளே இருப்பது தெரியவே தெரியாது. களவாவும் பல்லை நம்பி வாழ்வதல்ல. பெரிய வாயைத் திறந்த வேகத்தில் இரை தண்ணீரோடு உள்ளே போய்விடும். பல் வழுக்காமல் பிடிப்பதற்கு மட்டுமே. கிளாத்திக்கோ வாய் சின்னது, ஆகவே சின்ன இரை என்று எண்ணினால் ஏமாந்தோம். உடம்பெல்லாம் முள்ளான உருண்டை உயிர் கடல் முள்ளெலி, அதை நீரைப் பீய்ச்சிப் புரட்டிப்போட்டு, முள் குட்டையான அடிப்பக்கத்தை உடைத்துத் தின்பது அந்தச் சின்ன வாய்தான். தாடை குட்டையாக இருந்தால் கடியில் பலம் கூடும், நெம்புகோல் கணக்கு.

ஒரே மாதிரி வாய் என்றால் ஒரே மாதிரி உணவு என்பதும் தப்பு. வண்ணாத்தி மீன்களில் ஊசி மூக்குக்கார ஃபோர்சிபைகர் வகையில் இரண்டு இனங்களைப் பாருங்கள். இரண்டும் மஞ்சள், பார்வைக்கு இரட்டையர். மூக்கு இன்னும் நீளமானது சிறு இறால்களை முழுசாக உறிஞ்சுகிறது. மற்றது முள்ளெலியின் குழாய்க்கால்களைக் கடித்துப் பிய்க்கிறது. சர்ஜன் மீன்களிலும் இதே கதை. அவற்றில் அகாந்தூரஸ் என்ற வகை பாசியைக் கத்தரித்து மேய்கிறது. டீனோகீட்டஸ் என்ற இன்னொரு வகையின் பல் சீப்புப் பல், மென்மையாக அசையக்கூடியது. பாசிமேல் படிந்த தூசி போன்ற மக்கைத்தான் அது கூட்டி எடுக்கிறது, பாசியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. இரண்டையும் "பாசி தின்னி" என்று ஒரே பட்டியலில் போட்டுவிட்டு, பாசி ஏன் குறையவில்லை என்று திட்டைக் காக்க நினைப்பவர்கள் குழம்புவது இதனால்தான்.

தாடையைப் படித்துவிட்டால் உணவு தெரிந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. 1980இல் ஆப்பிரிக்க ஏரிகளின் சிக்லிட் மீன்களைப் பற்றி எழுதிய உயிரியலாளர் கரேல் லீம் இதைச் சுட்டிக்காட்டினார்: ஒரே உணவுக்கென்று செதுக்கியது போன்ற தாடையுள்ள மீன், எளிதான இரை கிடைத்தால் அதையே தின்கிறது. தாடை சொல்வது எதைத் தின்ன முடியும் என்பதை. அன்றாடம் எதைத் தின்கிறது என்பதைக் குடலைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

கிளிமீனையே எடுத்துக்கொள்ளுங்கள். அலகைப் பார்த்தவர்கள் பவளந்தின்னி என்றார்கள், பிறகு வந்தவர்கள் பாசி மேய்ச்சல் என்றார்கள். 2017இல் ஆய்வாளர் கெண்டல் கிளமென்ட்ஸ் குழுவினர், பெரும்பாலான கிளிமீன்களின் இலக்கு கல்லின் மேலும் உள்ளும் வாழும் சயனோபாக்டீரியா போன்ற புரதம் நிறைந்த நுண்ணுயிர்கள் என்று வாதிட்டார்கள். உயிருள்ள பவளத்தை உண்மையிலேயே பெருமளவில் கடிப்பவை சில இனங்கள்தான். பசிபிக் திட்டுகளில் மந்தையாகத் திரியும் நெற்றி புடைத்த பெரிய கிளிமீன் ஒன்று, ஆண்டுக்கு 5 டன்னுக்கு மேல் சுண்ணாம்புக் கல்லை விழுங்குகிறது. அதில் ஏறக்குறைய பாதி உயிர்ப்பவளம்.